அக்கா திறந்தால் வரும், நான் திறந்தால் வராது

இன்றோடு பதினேழு நாள். கடைக் கொம்பியூட்டரில் குறோமைத் திறந்தால், தானாக வந்து குந்தியிருந்த கள்ளத் தேடற் பக்கம் இல்லாமல், வெறும் கூகுள் பக்கம்தான் வருகிறது. இதற்கு முதல் இரண்டு தரம் "முடிஞ்சுது" என்று அக்காவிடம் சொல்லி, இரண்டு தரமும் பேச்சு வாங்கினேன். அதனால் இந்தமுறை இரண்டு கிழமைக்கு மேல் பொறுத்திருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கடை பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரம் பக்கம். போட்டோக்கொப்பி, ரைப்பிங், லமினேற்றிங், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. அக்காதான் நடத்துகிறா. நான் பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் நிற்பேன். மெஷின் கிளிநொச்சியில் எடுத்த பாவித்த டெல்: நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலமை போட்டுவிட்டு முற்றம் கூட்டி முடிக்கத்தான் வேலை செய்ய ஆயத்தமாகும்.

பிரச்சினை வந்தது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின கிழமை, ஒரு வியாழக்கிழமை. தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ் ஒன்று அவசரமாக அடிக்கவேண்டி இருந்தது. சபைப் பொடியன் விசயத்தை வட்சப்பில் யூனிகோட்டில் அனுப்பிவிட்டான். நோட்டீஸ் வடிவமைக்கிற எங்கள் பேஜ்மேக்கருக்கு அது பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் வேண்டும். வழமையாகப் பாவிக்கிற, யூனிகோட்டைப் பாமினியாக்கும் மாற்றிப் பக்கம் அன்றைக்குத் திறபடவில்லை. அக்கா தேடியிருக்கிறா. மேலே முதலாவதாக வந்தது விளம்பரம். உள்ளே போனால் பெரிய பச்சைப் பட்டன். பொங்கல் அவசரத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். மாற்றி என்று ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

குறோமைத் திறந்தால் மணிக்கூடும் மலைப் படமும் உள்ள ஒரு தேடற் பக்கம். அதில் எதைத் தேடினாலும் முன்பின் தெரியாத இரண்டு முகவரிகளுக்குள்ளால் ஓடி, கடைசியில் யாகூவில் போய் நிற்கும். வலதுபக்கக் கீழ்மூலையில் நிமிடத்துக்கு ஒருக்கால் ஒரு பெட்டி எழும்பும்: "உங்கள் கணினியில் 5 வைரஸ்." பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஸ்கான் பண்ண வந்த அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ர பேப்பருக்கும் தொத்துமோ?" என்று கேட்டா. சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி முழுக்கப் பிழை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலாம் தரம், வெள்ளி பின்னேரம்

மூலையில் எழும்பும் பெட்டியும் மணிக்கூட்டுப் பக்கமும் ஒரே வியாதி என்று நினைத்ததுதான் முதற்பிழை. அவை இரண்டும் வேறு வேறு. பெட்டி வந்தது ஓசியில் கிரிக்கெட் காட்டுகிற ஒரு தளத்திலிருந்து. "நீங்கள் றோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலவ் அழுத்துங்கள்" என்று அது கேட்க, யாரோ அழுத்தியிருக்கிறார்கள். (யாரோ இல்லை, நான்தான். இலங்கை மட்ச் அன்றைக்கு.) குறோமின் செற்றிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைற் செற்றிங்ஸ், அதற்குள் நொட்டிபிகேஷன்ஸ். அலவ் பட்டியலில் பதினொரு தளங்கள் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கி, "தளங்கள் அறிவித்தல் அனுப்பக் கேட்கவே கூடாது" என்பதைத் தெரிவு செய்தேன். இரண்டு நிமிட வேலை, பெட்டி நின்றுவிட்டது. அந்தச் சந்தோசத்தில் முழுவதையும் திருத்திவிட்டதாக நினைத்தேன்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன், அதாவது குறோமோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற சின்னச் செயலி. பெயர் தெரியாத ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு நீக்கும் பட்டனே இல்லை. சரி என்று குறோமை முழுக்க றீசெற் பண்ணினேன். புக்மார்க்கும் பாஸ்வேர்ட்டும் அப்படியே இருக்கும், எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும். திரும்பத் திறந்தேன். அது சிரித்துக்கொண்டு நிற்கிறது.

யூடியூப்பில் ஒரு அண்ணை குறோமுக்குள்ளேயே "கொம்பியூட்டரைச் சுத்தம் செய்" என்று ஒரு வசதி இருக்கிறது என்றார். அரைமணித்தியாலம் தேடினேன். வீடியோ பழசு. அந்த வசதியை 2023இல், 111ஆம் பதிப்போடு கூகுள் எடுத்துவிட்டது. டேற்றாவும் போய் நேரமும் போனது.

இனி வெட்கப்படவேண்டிய இடம். அதே மெஷினில், அதே கள்ளத் தேடற் பக்கத்திலேயே "இதை நீக்குவது எப்படி" என்று தேடினேன். தேடலே அவன் கையில் இருக்கும்போது அவன் காட்டுகிற மருந்துதானே கிடைக்கும்? ஒரு "கிளீனர்" இறக்கினேன். அது மூன்று நிமிடம் சக்கரம் சுற்றி 1,347 பிழை கண்டுபிடித்தது. திருத்துவதற்கு 39.95 டொலர் கேட்டது. வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டின கதை.

ஒரு நன்மை, அதை நிறுவும்போது ஒருக்கால் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். "ரெக்கமெண்டட்" என்பது கறுத்த எழுத்தில் பெரிதாக இருந்தது. "கஸ்டம்" சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாத ஒன்று மாதிரி. ஆனால் அழுத்தலாம். அழுத்தினால் ஏற்கெனவே சரி அடையாளம் போட்ட நாலு கட்டங்கள் உள்ளே ஒளிந்திருக்கும்: தேடுபொறியை மாற்று, முதற்பக்கத்தை மாற்று, இன்னும் இரண்டு மென்பொருள். அக்கா வியாழக்கிழமை பார்த்ததும் இதைத்தான். அவவைப் பேச எனக்கு வாயில்லை.

இரண்டாம் தரம், சனி

கிளிநொச்சியில் தெரிந்த ஒருவர் "கொண்டு வாங்கோ, போர்மட் அடிச்சுத் தாறன், 2,500 ரூபா" என்றார். நியாயமான விலை. ஆனால் இதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் எழுத்துருக்கள், ஆறு வருட நோட்டீஸ் பைல்கள், டிஸ்க் தொலைந்துபோன பேஜ்மேக்கர். பொங்கல் கிழமையில் அதைத் திரும்பக் கட்டி எழுப்ப ஏலாது.

இந்தமுறை மருந்தை வீட்டு லப்டொப்பில் இறக்கினேன். அட்வ்கிளீனர் என்ற விளம்பர மென்பொருள் நீக்கி, 10 எம்பிக்குள்தான். நிறுவத் தேவையில்லை, பைலை நேரே ஓடவிடலாம். அதைக் கடைக்குக் கொண்டுவரப் பென் ட்ரைவ் பாவிக்க விருப்பமில்லை. எங்கள் கடைக்கு வருகிற பென் ட்ரைவுகளின் லட்சணம் எனக்குத் தெரியும். பழைய கமெராவின் எஸ்டி கார்ட் ஒன்று கிடந்தது. அதன் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற சின்ன லொக் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் மெஷின் கார்டை வாசிக்கலாம், எழுத ஏலாது. எல்லாக் கார்ட் ரீடரும் இந்த லொக்கை மதிக்காது. 650 ரூபாவுக்கு வாங்கிய ரீடரைச் செருகி, வெறும் பைல் ஒன்றைக் கொப்பி பண்ணிப் பார்த்தேன். எழுதமுடியாது என்று மறுத்தது. அதன்பிறகுதான் நம்பினேன். இந்த முழுக் கதையிலும் நான் புத்தியாகச் செய்த ஒரே வேலை இது.

றூட்டரின் வயரைக் கழற்றிவிட்டு முதலில் புரோகிராம் பட்டியலுக்குப் போனேன். அதைப் பெயர்வரிசையில் பார்க்கவேண்டாம், நிறுவிய திகதிப்படி அடுக்குங்கள். வியாழக்கிழமைத் திகதியில் மூன்று, வெள்ளியில் என் "கிளீனர்" ஒன்று. நாலையும் அகற்றினேன். அதில் ஒன்று போகும்போதுகூட "உண்மையிலேயே போகவா, பாதி விலைக்குத் தரட்டா?" என்று கேட்டது. பிறகு வயரைச் செருகி அட்வ்கிளீனரை ஓடவிட்டேன். அது தன் பட்டியலைப் புதுப்பிக்க நெற் தேவை. ஆறு நிமிடத்தில் 23 பொருள் காட்டியது. எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டி, மெஷினை அணைத்து எழுப்பினேன்.

எக்ஸ்டென்ஷன் இன்னும் போகவில்லை. அப்போதுதான் குறோம் மெனுவின் ஆக அடியில் ஒரு வரியைக் கண்டேன்: "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது." எந்த நிறுவனம்? அக்காவும் நானும் ஒரு பிறிண்டரும்தான். கல்வித் திணைக்களம், வங்கி மாதிரி இடங்களில் உள்ள கொம்பியூட்டர்களில் இந்த வரி இருந்தால் அது முறையானது, அங்கே கைவைக்கக் கூடாது. சில அன்ரிவைரஸ்களாலும் வரும். எங்கள் கடையில் வர நியாயமே இல்லை.

முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் குறோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பொலிசி என்று அடித்தால் யார் என்ன கட்டளை போட்டிருக்கிறார்கள் என்று காட்டும். ஒரே ஒரு வரிதான் இருந்தது: இந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயம் நிறுவு. நீக்கும் பட்டன் இல்லாத காரணம் அதுதான். விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்துகிற ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சொப்ட்வெயர், பொலிசீஸ், கூகுள் என்று இறங்கினால் குறோம் என்று ஒரு கோப்புறை. முதலில் அதை எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துக்கொண்டு பிறகு அழித்தேன். கரன்ட் யூசருக்குக் கீழேயும் அதே பாதையைப் பாருங்கள், எனக்கு அங்கே இருக்கவில்லை. பொலிசிப் பக்கத்தில் றீலோட் கொடுத்தேன். பட்டியல் வெறுமை. எக்ஸ்டென்ஷன் தானாகவே போய்விட்டது. நெற் போக்கை வேறுபக்கம் திருப்பிவிடக்கூடிய புரொக்சி செற்றிங், ஹோஸ்ட்ஸ் பைல் இரண்டையும் பார்த்தேன், சுத்தம்.

"முடிஞ்சுது" என்றேன். ஞாயிறு கடை பூட்டு.

மூன்றாம் தரம்

திங்கள் பத்து மணிக்குப் போன். "டேய், திரும்பவும் மணிக்கூடு வந்திட்டுது." பின்னேரம் ஓடி வந்தேன். நான் திறந்தேன், கூகுள். "எங்கை அக்கா?" அவ வந்து மௌஸைப் பிடித்துத் திறந்தா, மணிக்கூடு. திரும்ப நான், கூகுள். திரும்ப அவ, மணிக்கூடு. போட்டோக்கொப்பிக்கு நின்ற ஐயா, "ஆளைப் பாத்து வேலை செய்யுது போல" என்றார்.

ஐந்தாறு தரம் மாறி மாறித் திறந்த பிறகுதான் அக்காவின் கையைப் பார்த்தேன். அவ கீழே ராஸ்க்பாரில் இருக்கிற படத்தை அழுத்துகிறா. நான் டெஸ்க்டொப்பில் இருக்கிறதை இரட்டை அழுத்து அழுத்துகிறேன். ஒரே குறோம், ஆனால் இரண்டு வாசல். ராஸ்க்பார்ப் படத்தில் வலது அழுத்தம், வருகிற பட்டியலில் கூகுள் குறோம் என்ற பெயரில் திரும்ப வலது அழுத்தம், புரொப்பர்ட்டீஸ். ராகெற் (Target) என்ற பெட்டியில் குறோம்.எக்ஸ்ஈ என்பதோடு மேற்கோள்குறி மூடி வரி முடியவேண்டும். பெட்டி சின்னது, முடிந்த மாதிரித்தான் தெரிந்தது. உள்ளே அழுத்திக் கீபோர்ட்டில் எண்ட் தட்டினேன். வரி ஓடி, மேற்கோள்குறிக்கு அங்காலே ஒரு இடைவெளி விட்டு அந்த மணிக்கூட்டுத் தளத்தின் முகவரி நீளமாகக் கிடந்தது. குறோமுக்குள் ஒரு குற்றமும் இல்லை. குறோமைக் கூப்பிடுகிற ஆள்தான் காதுக்குள் சொல்லி அனுப்புகிறான்.

அந்த வாலை அழித்தேன். அக்கா திறந்தா, கூகுள். வாய்விட்டுச் சிரித்தா. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மெஷினை அணைத்து எழுப்பினேன். வால் திரும்ப முளைத்திருந்தது.

நான் துடைக்கத் துடைக்க யாரோ திரும்ப எழுதுகிறான், எழுதுகிறவனைப் பிடிக்காமல் சுவரைத் துடைத்துப் பிரயோசனமில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற ராஸ்க் ஷெடியூலரைத் திறந்து லைப்ரரியில், வலதுபக்கம் கடைசியில் இருக்கிற "கிரியேற்றட்" என்ற நிரலைப் பார்த்தேன். அச்சுப்பிசகாமல் அந்த வியாழக்கிழமை, பின்னேரம் 4:12. பெயர் ஏதோ "அப்டேற்" சேவை மாதிரி நல்லபிள்ளையாக இருந்தது. அக்ஷன்ஸ் பகுதியில் பார்த்தால் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லை மறைவாகத் திறந்து, அப்-டேற்றா (AppData) ரோமிங் கோப்புறைக்குள் இருக்கிற ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லியிருந்தது. மெஷின் எழும்பும் ஒவ்வொரு தரமும், அதற்குமேல் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காலும். டவுன்லோட்ஸில் அக்கா இறக்கிய பைலின் நேரம் 4:10. இரண்டு நிமிடத்தில் குடியேறிவிட்டான்.

ராஸ்க்கை முதலில் டிசேபிள் பண்ணி, ஸ்கிரிப்டை எஸ்டி கார்டுக்கு எடுக்காமல் அப்படியே அழித்து, பிறகு ராஸ்க்கையும் அழித்தேன். ராகெற் வரியைத் துடைத்தேன். அணைத்து எழுப்பினேன். இரண்டு தரம். வால் முளைக்கவில்லை.

இவ்வளவு நடக்க விண்டோஸின் சொந்த அன்ரிவைரஸ் டிபெண்டர் என்ன செய்தது? அதன் எக்ஸ்குளூஷன் பட்டியலை, அதாவது எதைப் பார்க்காமல் விடவேண்டும் என்ற பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு பதிவு: சி டிரைவ். முழு சி டிரைவும். இரண்டு வருடத்துக்கு முதல் காசு கொடுக்காமல் விண்டோசைப் பாவிக்கக் களவு அக்ரிவேற்றர் போட்டபோது, "இதைப் போட்டால்தான் வேலை செய்யும்" என்று சொன்னதைக் கேட்டு என் கையாலேயே சேர்த்தது. காவல்காரனைக் கூலிக்கு வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். அதை எடுத்துவிட்டு முழு ஸ்கான் போட்டேன், 2 மணித்தியாலம் 50 நிமிடம். ஏழு பொருள், அதில் ஒன்று அந்த அக்ரிவேற்றர். அடுத்த நாள் வெள்ளனவே, விண்டோஸ் எழும்பமுதல் ஓடுகிற ஓப்லைன் ஸ்கானும் போட்டேன். கால்மணித்தியாலம் என்பார்கள், எங்கள் டிஸ்க்குக்கு 40 நிமிடம். எங்கள் யூபிஎஸ் எட்டு நிமிடத்துக்குமேல் தாங்காது, எனவே கரண்ட் போகாத ஐந்து மணியைத் தெரிந்தெடுத்தேன். இப்போது திரையின் மூலையில் "விண்டோஸை அக்ரிவேற் செய்யவும்" என்று மங்கலாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் அதுவும் வைரஸா என்று கேட்கிறார்கள்.

கடைசியாக ஒரு சறுக்கல். எல்லாம் சுத்தம் என்று கடையின் ஜிமெயிலால் குறோமுக்குள் நுழைந்து சிங்கை (ஒரே கணக்கில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் குறோம் அமைப்பைக் கொண்டுபோகிற sync வசதி) போட்டேன். ஒரு நிமிடத்தில் தேடுபொறியும் தொடக்கப் பக்கமும் பழைய கோலத்துக்கு வந்தன. இங்கே அழித்தது அங்கே கணக்கில் பத்திரமாக இருந்திருக்கிறது. வீட்டு லப்டொப்பிலும் அதே கணக்கு, அதிலும் அதே மணிக்கூடு. கூகுள் கணக்கில் குறோம் சிங் தரவுப் பக்கத்துக்குப் போய் முழுத் தரவையும் அழித்தேன். பிறகு இரண்டு மெஷினிலும் அமைப்பைக் கையால் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் சிங். அழிக்கமுதல் புக்மார்க்கை ஒரு பைலாக எடுத்து வைத்தேன்.

அந்த அம்மாவின் கேள்வி

அழித்த எக்ஸ்டென்ஷனுக்கு இருந்த அனுமதி: "எல்லாத் தளங்களிலும் உங்கள் எல்லாத் தரவையும் வாசிக்கவும் மாற்றவும்." எங்கள் குறோமில் சேமித்திருந்த பாஸ்வேர்ட் 61. அதில் எங்களுடையது ஒன்பது. மிச்சம் ஊர்ப் பிள்ளைகளுடையது, விண்ணப்பம் போட வந்து "சேவ்" அழுத்திவிட்டுப் போனவை. டவுன்லோட்ஸில் வருடக்கணக்கில் அடையாள அட்டை ஸ்கான்கள். பேப்பருக்குத் தொத்தாதுதான். ஆனால் பேப்பரில் இருந்தது எங்களிடம் இருந்தது.

எங்கள் ஒன்பதையும் வேறொரு போனிலிருந்து மாற்றினேன். மற்ற 52 பேரில் போன் நம்பர் இருந்த முப்பது சொச்சப் பேருக்கு அக்கா எடுத்துச் சொன்னா. நாலு பேர் கோபப்பட்டார்கள், அவர்களில் பிழை இல்லை. இப்போது வாடிக்கையாளர் வேலை எல்லாம் குறோமின் கெஸ்ட் ஜன்னலில்தான். மூடினால் குறோமுக்குள் ஒன்றும் மிஞ்சாது. ஸ்கான் கோப்புறையைச் சனிக்கிழமை சனிக்கிழமை காலிசெய்கிறோம்.

செலவு: கார்ட் ரீடர் 650, டேற்றா ஏறக்குறைய 4 ஜிபி. ரைப்பிங் வேலை இரண்டரை நாள் தடைப்பட்டது. பொங்கல் கிழமையில் அது எவ்வளவு என்று அக்கா கணக்குச் சொன்னா, நான் இங்கே எழுதவில்லை. தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸை விசுவமடுவில் வேறு கடையில் அடித்தார்கள்.

திரும்பச் செய்வதென்றால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் நெற் வயரும் சிங்கும். அடுத்தது எல்லாவற்றையும் நேரப்படி அடுக்கி, நடந்த நிமிடத்தைக் கண்டுபிடிப்பது. பிறகு ராஸ்க் ஷெடியூலர், டிபெண்டர் எக்ஸ்குளூஷன், ராகெற் வரி, பொலிசி. பிரவுசரைக் கடைசியில்தான் தொடுவேன். நான் பிரவுசரில் தொடங்கி மூன்று நாளைத் தின்றேன்.

மாற்றியவை கொஞ்சம். அக்காவுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு, எதையும் நிறுவ என் பாஸ்வேர்ட் வேண்டும். முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. டிபெண்டரின் அப், பிரவுசர் கட்டுப்பாட்டுக்குள் "வேண்டாத அப்புகளைத் தடு" என்பது அணைந்து கிடந்தது, போட்டுவிட்டேன். பயர்பொக்ஸில் விளம்பரம் தடுக்கிற யூபுளொக் ஒரிஜின், குறோமில் அதன் லைற் பதிப்பு. வினை வந்ததே விளம்பரப் பட்டனால்தானே. புதிய பைல் எதையும் ஓட்டமுதல், பல அன்ரிவைரஸ்களால் ஒரேயடியாகச் சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறோம். அந்த "பாமினி மாற்றி"யைப் போட்டேன், எழுபது சொச்சத்தில் 31 சிவப்பு. ஆனால் வாடிக்கையாளரின் பத்திரங்களை அதில் ஏற்றாதீர்கள், ஏற்றியது மற்றவர்கள் கைக்கும் போகலாம்.

பாமினிக்கு வழி: எங்கள் பழைய மாற்றிப் பக்கம் முழுக்க பிரவுசருக்குள்ளேயே கணக்குப் பார்க்கிற பக்கம். அது திறபட்ட நாளில் அப்படியே டிஸ்க்கில் சேமித்து, நெற் வயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். வேலை செய்கிறது. யூனிகோட்டில் அடிக்க விண்டோஸ் 10க்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, இறக்க ஒன்றுமில்லை. இந்த மெஷினுக்கு விண்டோஸ் 11 முறைப்படி போகாது, 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அது வேறு செலவு, வேறு பதிவு.

எஸ்டி கார்டைப் போன கிழமை பக்கத்துக் கடைத் தம்பி கேட்டு வாங்கிப் போனார், அவருடையதிலும் மணிக்கூடாம். நேற்றுத் திருப்பித் தந்தார். லொக்கைப் பார்த்தேன், மேலே தள்ளிக் கிடக்கிறது. இன்றைக்கு அதை அழித்துத் திரும்ப ஏற்றவேண்டும்.